படகின் அளவு ஐந்து

பிளெக்ஸ் கடைப் பையன்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆளின் முகத்தை ஒரு மூலையில் பிடித்து இழுத்து, இழுத்த இழுப்பில் பத்தடி ஆக்கிவிடுகிறார்கள். போன வாரம் ராமநாதபுரத்தில் அப்படி ஒரு கடையில் உட்கார்ந்திருந்தேன். நான் முதன்முதலாக வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் தலைமை சிஸ்டருக்குத் துறவற வாழ்வின் பொன்விழா வருகிறது. பழைய மாணவர்கள் பேனர் வைக்கிறார்கள். "நீங்கதான் ராம்நாட்லயே இருக்கீக மிஸ், நீங்களே அடிச்சு வாங்கிருங்க" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டு, ஒரு பழைய புகைப்படத்தையும் செல்லுக்கு அனுப்பியிருந்தாள் அமலி. எட்டாம் வகுப்பில் நான் பாடம் எடுத்த பிள்ளை. இப்போது கோயம்புத்தூரில் வேலை, இரண்டு குழந்தைகள்.

படத்தில் சிஸ்டர் கம்ப்யூட்டர் அறையில் நின்று சிரிக்கிறார். பக்கத்தில் ஒரு மானிட்டர். பையன் சிஸ்டரை இழுத்துப் பார்த்தான். "பழைய போட்டோ மேடம். ரொம்ப இழுத்தா உடைஞ்சிரும்" என்றான். அப்புறம் மானிட்டர் பக்கம் போய், "இந்த ஸ்கிரீன்ல நீலமா ஒரு அழுக்கு இருக்கு, அழிச்சிரவா?" என்றான்.

"செத்த பொறு தம்பி" என்றேன். அழுக்கு என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. பையன் பாவம், அவன் என்ன செய்வான். அவன் வேறு ஆளுடைய கல்யாண பேனரைத் திறந்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். அச்சு மை வாடை தலையைச் சுற்றியது. எனக்கு எந்தக் கம்ப்யூட்டர் கடை வாடையும் நேராகப் போய்ச் சேருவது அந்தப் பழைய கம்ப்யூட்டர் அறைக்குத்தான்.

அந்த அறையின் வாடையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தரைக்குப் போட்ட புது ரப்பர் விரிப்பு, சன்னலுக்கு வெளியே எங்கோ காயும் கருவாடு, உள்ளே சாம்பிராணி. சாம்பிராணிக்குக் காரணம், முதல் நாள் பங்குச் சாமியார் வந்து கம்ப்யூட்டர்களை மந்திரித்தது. மந்திரிப்பதோடு நிற்காமல் தீர்த்தமும் தெளிக்க வந்தார். நான் பதறிப்போய் கீபோர்டுகளை முந்தானையால் மூடினேன்.

"தீர்த்தம் ஒண்ணுஞ் செய்யாதும்மா" என்றார்.

"உள்ள கரண்டு ஓடுது சாமி."

அவர் யோசித்துவிட்டு, இரண்டு எட்டு பின்னால் போய் நின்று, சுவருக்குத் தெளித்தார். கோயில் பீடத்துக்குத் துணி தைக்கும் அக்கா ஒருத்தர் கம்ப்யூட்டர்களுக்கு வெள்ளை உறை தைத்துக் கொடுத்திருந்தார், ஓரத்தில் லேஸ் வைத்து. உறை போட்டு மூடினால் கோயிலில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்க வெள்ளை உடுப்பில் நிற்கும் பிள்ளைகளைப் போல வரிசையாக இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். உப்புக்காற்று கம்பியைத் தின்னும் ஊரில் செருப்பைக் கழற்றி என்ன ஆகப்போகிறது என்று கேட்காதீர்கள். அப்போது எல்லா ஊரிலும் அதுதான் சட்டம்.

நான் அபிராமம் பக்கம். கரிசல் காடு, மிளகாய் வெள்ளாமை, கண்மாயில் தண்ணீர் கிடந்தால் அதுதான் எங்களுக்குக் கடல். டிகிரியை முடித்து, ராமநாதபுரத்தில் சித்தி வீட்டில் தங்கி ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்தேன். பாம்பனுக்கு அந்தப் பக்கம் தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆள் கேட்கிறார்கள் என்றதும் போய் நின்றேன், கிடைத்துவிட்டது. முதல் நாள் பஸ் பாலத்தில் ஏறியபோது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கண்டக்டர் பக்கத்தில் வந்து, "கண்ணத் தொறந்து பாரு தாயி, டிக்கெட்டுல இதுவும் சேத்திதான்" என்றார். அடுத்த வாரத்தில் பாலத்தின் மேலேயே தூங்கப் பழகிவிட்டேன்.

பாடம் என்று பார்த்தால், ஆமையை நகர்த்துவது. சிஸ்டருக்கு யாரோ கொடுத்த ஒரு சிடியில் பிள்ளைகளுக்கான மென்பொருள் இருந்தது. திரையின் நடுவில் ஒரு ஆமை நிற்கும். இத்தனை அடி முன்னே போ, இத்தனை பாகை திரும்பு என்று தட்டினால் அது கோடு போட்டுக்கொண்டே போகும். இதை நான் ஊரில் போய்ச் சொன்னது தப்பாகிவிட்டது. எங்கள் பக்கம் ஆமை என்ற பேச்சே வீட்டுக்குள் ஆகாது.

"பட்டணத்துல போயி படிச்சது ஆமை மேய்க்கவா?" என்றார் அய்யா.

அம்மா அடுப்படியிலிருந்து, "வேற ஒரு சீவன் கெடைக்கலையாக்கும் அந்த மிசினுக்கு. வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத, பொண்ணு கேட்டு வாரவுக காதுல விழுந்து வைக்கும்" என்றாள்.

தீவில் வேறு மாதிரி. அங்கே ஆமை என்றால் பிடிக்கக் கூடாத சாமான், பிடித்தால் வழக்கு. முதல் வகுப்பில், "எல்லாரும் ஆமையக் கூப்பிடுங்க" என்று சொல்லியிருப்பேன், பின்வரிசையில் ஒரு பயல் எழுந்து, "பாரஸ்ட்டுக்காரவுக கேஸ் போடமாட்டாகளா மிஸ்?" என்றான். வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்தவன், "ஏலே, இது கரையேறாத ஆமைலே, இதுக்கு கேஸ் கெடையாது" என்று தீர்ப்புச் சொன்னான்.

ஆமைதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. அதன் உருவத்தை மாற்றிக்கொள்ளலாம். கட்டம் கட்டமாக ஒரு சின்னப் பலகை திறக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் வண்ணம் வைத்து நாமே ஒரு உருவம் வரைந்து, அதை ஆமைக்குச் சட்டை மாதிரி மாட்டிவிடலாம். நான் மாதிரிக்கு ஒரு டிராக்டர் வரைந்து காட்டினேன். ஒருத்தரும் சீண்டவில்லை. வகுப்பு முடியும்போது ஆறு கம்ப்யூட்டரிலும் படகு நின்றது. பூ, வீடு, மாமரம் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். அடுத்த வகுப்பிலும் படகுதான். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் இன்னார் வீட்டுப் படகு என்று அவர்களுக்குள் தெரிந்திருந்தது. பட்டையின் நிறம் ஒரு கட்டம் மாறினால் சண்டை வந்துவிடும்.

அமலியின் படகு நீலம். நடுவில் மஞ்சள் பட்டை. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், வெள்ளையாக மூன்று புள்ளி. அது என்ன என்று கேட்டேன். "பேரு மிஸ். எழுத எடம் பத்தல" என்றாள். அதிகம் பேசாத பிள்ளை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி கட்டத்துக்குள் போய்விடுவாள்.

பிறகு அளவு சொல்லிக்கொடுத்தேன். வரைந்த உருவம் சாதாரணமாக நாற்பது அளவில் நிற்கும். செட்சைஸ் என்று தட்டி ஒரு எண் கொடுத்தால் அந்த அளவுக்கு மாறும். எண்பது என்றால் இரண்டு பங்கு. மேலே நூற்றறுபது வரை போகலாம், கீழே ஐந்து வரை இறங்கலாம். அதைத் தாண்டினால் முடியாது என்று அதுவே சொல்லிவிடும். பயல்கள் ஆயிரம், லட்சம் என்று தட்டிப் பார்த்து திட்டு வாங்கினார்கள். அமலி மட்டும் கீழே இறங்கிப் பார்த்தாள். நான்கு, மூன்று, ஒன்று, சைபர் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். எதற்கும் அசையவில்லை.

"அஞ்சுக்குக் கீழ போகவே போகாதா மிஸ்?"

"போகாது."

"எப்பயுமா?"

"எப்பயும்தான்" என்றேன். பிள்ளை எதற்குக் கேட்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது. அன்றைக்கு இடைவேளையில் டீச்சர்கள் பேசிக்கொண்டதிலிருந்துதான் தெரிந்தது. அமலியின் அப்பா கடலுக்குப் போனபோது எஞ்சின் நின்று, நீரோட்டம் இழுத்து, படகு எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டதாம். ஆட்களையும் படகையும் அங்கேயே பிடித்து வைத்திருக்கிறார்களாம். உயிரோடு இருக்கிறார்கள் என்று சேதி வந்திருந்தது. எப்போது விடுவார்கள் என்றால் எவருக்கும் தெரியவில்லை. படகு அவருக்கே சொந்தம். கடன் கிடன் எல்லாம் போட்டு வாங்கியது என்றார்கள், அந்தக் கதை எல்லா வீட்டிலும் உண்டு.

ஆண்டு விழா வந்தது. சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "இந்த ரூமுக்குள்ள பிள்ளைங்க என்ன செய்றாங்கன்னு அம்மாமார் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஏதாவது அசையிற மாதிரி காட்டுங்க டீச்சர்" என்றார். அசைவது என்றால் படகுதான். எனக்கு ஒரு யோசனை வந்தது. படகை முன்னே நகர்த்தும்போது ஒவ்வொரு அடிக்கும் அளவில் ஒன்றைக் குறைத்துக்கொண்டே போனால், கரையிலிருந்து தொலைவுக்குப் போவது போலவே இருக்கும். நாற்பதில் கிளம்பி ஐந்தில் முடித்தால் கடைசியில் ஒரு புள்ளிதான். செய்து பார்த்தேன், எனக்கே மெய்சிலிர்த்தது. மிளகாய்க்காட்டுக்காரிக்குக் கடல் என்பது பார்த்து ரசிக்கிற சாமான்தானே. வரைந்ததில் நல்ல படகு அமலியுடையது. அதையே வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

பிள்ளைகள் அமலியைத் திரும்பிப் பார்த்தார்கள். அமலிதான் பேசினாள்.

"போறத மட்டும் காட்டுனா எங்கம்மா உள்ள வராது மிஸ்."

"ஏன்டா?"

"கரையில நிக்கிறவுக படகு சிறுசாகுறதுக்கு முந்தியே திரும்பிருவாக. புள்ளியாகுற வரைக்கும் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது. வாரதையும் போட்டா பாக்கலாம்."

அது எல்லா வீட்டு வழக்கமா, அவர்கள் தெருவில் மட்டுமா என்று நான் விசாரிக்கவில்லை. வகுப்பில் ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. சரி, திரும்பி வருவதையும் எழுதினோம். ஒவ்வொரு அடிக்கும் பின்னே நகர்த்தி அளவில் ஒன்றைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஓட்டிப் பார்த்தால் படகு அணியத்தைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டே பின்புறமாக வந்தது. "பஸ்ஸு மாதிரி ரிவர்ஸ்ல வருது மிஸ்" என்று ஒரே கேலி. அமலி உட்கார்ந்து, கரையைப் பார்த்து வரும் படகு ஒன்றைத் தனியாக வரைந்தாள். மஞ்சள் பட்டை, மூன்று புள்ளி எல்லாம் மறுபடி வைத்தாள். புரட்டிப் போட ஒரு பொத்தான் இருக்கிறது என்று நான் சொல்லியும் கேட்கவில்லை.

விழா அன்று அம்மாமார் ஒரு பத்துப் பேர் முதலில் வந்தார்கள். வாசலில் செருப்புக் குவிந்தது. உள்ளே வந்ததும் யாரும் உட்காரவில்லை. அமலியின் அம்மா கதவோரம் நின்றார். வெளுத்த சேலை, கழுத்தில் ஒரு ஜெபமாலை. மகளைப் பார்த்தாரே தவிர என்னைப் பார்க்கவில்லை. போட்டோ ஸ்டுடியோக்காரர் ஒருவர் கேமராவோடு சிஸ்டருக்குப் பின்னால் திரிந்துகொண்டிருந்தார்.

அமலி தட்டினாள். நீலப்படகு கிளம்பியது. "ஏய், இது நம்ம அமலி அப்பாவோட படகுல்ல?" என்று ஒருத்தர் மெதுவாகச் சொன்னார். படகு முப்பது ஆனது, இருபது ஆனது. ஒரு வயதான அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போதும்த்தா, திருப்பு" என்றார் இன்னொருத்தர். அமலியின் அம்மா கண்ணை எடுக்கவில்லை. படகு புள்ளியாகி நின்றது. இனி திரும்ப வேண்டும்.

கரண்டு போய்விட்டது.

மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. உப்புக்காற்றுக்காகச் சன்னலை எல்லாம் அடைத்து வைத்திருந்ததால் உள்ளே இருட்டு. மைக்குக்கு ஜெனரேட்டர் இருந்தது, எங்களுக்கு இல்லை. சிஸ்டர் சமாளித்தார். "சரிம்மா, எல்லாரும் பந்தலுக்கு வாங்க, காப்பியும் பன்னும் இருக்கு." ஒருத்தரும் நகரவில்லை. கதவோரத்திலிருந்து அமலியின் அம்மா குரல் வந்தது.

"போன படகு வரட்டும் சிஸ்டர். வந்த பெறகு குடிக்கிறோம்."

அந்தப் புழுக்கத்தில் நின்றார்கள். முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். ஒரு அம்மா ஜெபமாலை உருட்டத் தொடங்கிவிட்டார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, எனக்கு அது நெடுநேரம். கரண்டு வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டேன். சரியாக அணைக்காமல் நின்றுபோனால் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் நேராகத் திறக்காது. நீலத் திரை ஒன்று வந்து, தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, மஞ்சள் கோடு ஒன்றை மெல்ல மெல்ல நகர்த்தும். "இது எங்கன போகுது?" என்றார் ஒருத்தர். "இது செக்கிங்கு அத்தை" என்றாள் ஒரு பிள்ளை. செக்கிங் என்றதும் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கடலில் ரோந்துக் கப்பல் மறித்துச் சோதிப்பதும் அவர்களுக்குத் தெரிந்ததுதான்.

திறந்தேன். படகு நாற்பது அளவில், கரையில், கிளம்பின இடத்திலேயே நின்றது. எனக்குப் போன உயிர் வந்தது. "பாத்தீங்களாம்மா, பத்திரமா கரையிலதான் நிக்கிது" என்றேன்.

"இது இன்னும் போகாத படகுல்ல?" என்றார் அமலியின் அம்மா. "போனது எங்கன?"

மறுபடி முதலிலிருந்து ஓட்டலாமா என்று அமலியைக் கேட்டேன். இன்னொரு தடவை போக வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். கரையில் நின்ற படகை மவுஸால் பிடித்து, போய் நின்றதே அந்த இடத்துக்கே இழுத்துக்கொண்டு போனாள். செட்சைஸ் ஐந்து என்று தட்டினாள். புள்ளி வந்தது. அந்த நேரம் பார்த்து ஸ்டுடியோக்காரர், "சிஸ்டர், இங்கன பாருங்க" என்று பிளாஷை அடித்தார். எல்லோரும் கண்ணைக் கொட்டினோம். அப்புறம் அமலி, திரும்பி வருகிற படகை மாட்டி, வருவதற்கான வரியைத் தட்டினாள்.

புள்ளி கொஞ்சம் பெரிதானது. நீலம் தெரிந்தது, மஞ்சள் பட்டை தெரிந்தது. கடைசியாக மூன்று வெள்ளைப் புள்ளி. நாற்பதில் வந்து நின்றது. கைதட்டல் கிடையாது. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அமலியின் அம்மா மகள் தலையில் கையை வைத்துவிட்டு, "காப்பி ஆறிப்போயிருக்கும், வாங்க" என்று முதல் ஆளாக வெளியே போனார். நான் அழுதேன். அழுததை சிஸ்டர் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து, என்னாச்சு என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர் திரும்பி வந்தார், அமலியின் அப்பா. பல மாதம் கழித்து, எல்லோரையும் விட்டபோது அவரையும் விட்டார்கள். படகை விடவில்லை. அது அங்கேயே ஏதோ ஒரு கரையில் மழையிலும் வெயிலிலும் கிடக்கிறது என்றார்கள். ஒருநாள் மத்தியானம் மகளோடு கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டார். உடம்பு இளைத்துப் போய், சட்டை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"நம்ம படகு இங்கன இருக்காமே டீச்சர்."

அமலி திறந்து காட்டினாள். கட்டைவிரல் அளவுக்கு நின்றது. குனிந்து பார்த்தார். "இன்னும் பெருசாக்க ஏலுமா?" என்றார். அமலி எண்பது கொடுத்தாள். நூற்றிருபது கொடுத்தாள். அவர் இன்னும், இன்னும் என்றார். நூற்றறுபதில் படகு உடைந்துவிட்டது. விளிம்பெல்லாம் படிக்கட்டு, மஞ்சள் பட்டை செங்கல் செங்கலாக. அணியத்தில் மூன்று வெள்ளைச் சதுரம்.

"பேரு எங்கன?"

"இதுதான்ப்பா. எழுத எடம் பத்தல."

கண்ணாடிக்குக் கிட்டே விரலைக் கொண்டுபோனார், தொடவில்லை. விரலை மடக்கிக்கொண்டு, "சிறுசாவே வையித்தா. அதுலதான் முழுசா இருக்கு" என்றார். அமலி மறுபடி நாற்பதுக்குக் கொண்டுவந்தாள். அவர் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் கடைசி வரை அடுத்தவர் படகில்தான் தொழிலுக்குப் போனார். சொந்தப் படகு அமையவில்லை.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணமானது. ஆமை விஷயம் தெரிந்தும் பெண் எடுத்தார்கள், அது அம்மாவுக்குக் கடைசி வரை ஆச்சரியம். நான் வேலையை விட்டபோதே ஆறில் இரண்டு கம்ப்யூட்டர் உப்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. மற்றவையும் சீக்கிரமே போயின. அமலியின் படகு இருந்த கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரர் எடையில் போட்டு எடுத்துப் போனாராம். சிடி யாரிடமும் இல்லை. இருந்தாலும் அதைத் திறக்க இப்போது மிஷின் கிடையாது. லேஸ் வைத்து உறை தைத்த அக்கா இல்லை. அறையை இடித்துக் கழிப்பறை கட்டியிருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அது அவசியம்தான். அமலியின் அப்பா போன வருஷம் தவறிவிட்டார். என்னால் போக முடியவில்லை, போனில்தான் பேசினேன். அவருடைய படகு வெகு நாளைக்கு முன்பே அந்தக் கரையில் மக்கி மண்ணாகியிருக்கும்.

"மேடம், அந்த அழுக்க எடுத்துரவா?" பையன் கல்யாண வேலையை முடித்துவிட்டு எங்கள் படத்துக்குத் திரும்பியிருந்தான்.

அப்போதுதான் உறைத்தது. சிஸ்டருடைய படங்கள் அமலியிடம் எத்தனையோ இருக்கும். நல்ல வெளிச்சத்தில், நல்ல சேலையில், மேடையில் நிற்கும் படங்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு, ஆண்டு விழா அன்று படகு புள்ளியாக நின்றபோது ஸ்டுடியோக்காரர் எடுத்த இதை அனுப்பியிருக்கிறாள்.

"அது அழுக்கு இல்ல தம்பி. படகு."

அவன் நம்பாமல் அந்த இடத்தை மட்டும் இழுத்துப் பார்த்தான். நீலமாக நாலு கட்டம், அவ்வளவுதான். "படகுக்கு உண்டானது ஒண்ணுமே தெரியலையே மேடம்" என்றான்.

"இழுக்காத. சிறுசாவே இருக்கட்டும்."

"பேனர் பத்தடின்னா இதுவும் சேந்து பெருசாகும். ஒரு புளியங்கொட்ட அளவுக்கு வரும். பரவால்லையா?"

"வரட்டும்" என்றேன்.